ஸ்டாண்டர்ட் ஹெரால்டு பின் சஸ்பென்ஷன்: லைவ் ஆக்சிலுக்கு மாறலாமா, பழசையே சரி செய்வதா? கிரவுன் ரேஷியோவும் மாற்ற வேண்டும்

கோவை_ஹெரால்டு:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1964 ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, இரண்டு கதவு, 948 சிசி, மெட்ராஸில் செய்தது. அப்பாவின் வண்டி. 14 வருடம் ஷெட்டில் தூசி படிந்து நின்றதை இறக்கி, இப்போது இரண்டு வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இன்ஜின் நன்றாக இருக்கிறது, கியர் பாக்ஸ் பிரித்து வேலை பார்த்தாயிற்று, முன்பக்க டிரன்னியன் (முன் வீல் திரும்புகிற கீழ் மூட்டு) புதுசு. தொந்தரவெல்லாம் பின்னால்தான்.

போன மாதம் குன்னூரிலிருந்து இறங்கி வந்தோம். பர்லியார் தாண்டி ஒரு இடது வளைவு, லேசான தூறல், வேகம் 40ஐத் தாண்டியிருக்காது. முன்னால் போன வேன் திடீரென்று நின்றது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து பிரேக்கைத் தொட்டேன், அவ்வளவுதான், யாரோ அடியில் கை கொடுத்துத் தூக்கினமாதிரி வண்டியின் பின்பக்கம் மேலே எழும்பி அப்படியே வலது பக்கம் வழுக்கிப் போனது. எதிரே வண்டி எதுவும் வரவில்லை, அதனால் இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மனைவி பக்கத்தில் இருந்தாள். அன்றிலிருந்து மலைக்கு இந்த வண்டியை எடுக்கவில்லை.

இரண்டாவது விஷயம், சேலம் ரோட்டில் 80இல் போனால் இன்ஜின் கதறுகிறது. கிரவுன் ரேஷியோ (பின் வீல் ஒரு சுற்றுக்குப் புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று என்பது) 4.875 என்று மேனுவலில் இருக்கிறது. கிளட்ச் விடும்போது பின்னால் ‘டக்’ என்று ஒரு அடி, ஆக்சிலரேட்டர் கொடுத்தால் ‘ஊ…’ என்று ஒரு முனகல்.

எங்கள் மெக்கானிக் சொல்வது, இந்தக் குறுக்கு ஸ்பிரிங்கை எல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, ஒரு சின்ன வேனின் லைவ் ஆக்சிலையும் (இரண்டு வீலையும் ஒரே தண்டாக இணைக்கிற முழு ஆக்சில்) இரண்டு நீள பிளேட் செட்டையும் போட்டுவிடலாம், ரேஷியோ பிரச்சினையும் அதிலேயே தீர்ந்துவிடும் என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்பா வண்டியில் வெல்டிங் வைக்க மனசு வரவில்லை. இதைச் செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், வேறு வழி இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

பழைய_பட்டறைக்காரன்:

தம்பி, 70களிலிருந்து மெட்ராஸில் ஹெரால்டு வேலை பார்த்தவன் நான். எதையும் கழற்றுவதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். பின்னால் குறுக்கு ஸ்பிரிங்கை யாராவது பட்டறையில் கொடுத்து வளைவு ஏற்றினார்களா? கூடுதலாக ஒரு பிளேட் சேர்த்தார்களா?

ஏன் கேட்கிறேன் என்றால், நீங்கள் சொன்ன அந்தத் ‘தூக்கல்’ இந்த வண்டியின் பிறவிக் குணம், ஆனால் ஸ்பிரிங் சரியாக இருந்தால் 40 கிலோமீட்டரில் அது தலை காட்டாது. இதில் டிஃப்ரன்ஷியல் (இன்ஜின் விசையை இரண்டு பின் வீலுக்கும் பிரித்துக் கொடுக்கிற பெட்டி) சேஸிஸோடு போல்ட் ஆகி அசையாமல் நிற்கும், அதன் தலையில் குறுக்கு ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும். இரண்டு பக்கமும் போகிற ஆக்சில் ஷாஃப்டுக்கு உள்பக்கம் மட்டும்தான் யூ ஜாயிண்ட் கிராஸ் (மடங்கியபடியே சுழலும் மூட்டு), வெளியே வீல் பக்கம் கிடையாது. அதனால் வீல் மேலும் கீழும் போகும்போது நேராகப் போவதில்லை, கதவு கீலில் திரும்புகிற மாதிரி அந்தக் கிராஸை மையமாக வைத்துச் சாய்ந்து சாய்ந்துதான் போகும். வண்டி பின்னால் உயர்ந்தால் இரண்டு வீலும் கீழே உள்பக்கம் மடங்கும். வளைவில் வெளிப்பக்க டயருக்கு ரோட்டிலிருந்து வருகிற பக்கவாட்டு விசை, ஏற்கெனவே உள்ளே மடங்கியிருக்கிற அந்த வீலை இன்னும் உள்ளே தள்ளி வண்டியைத் தூக்கிவிடும். அந்த நேரம் பார்த்து காலை எடுத்தால் எடை முன்னால் போய்விடும், பின்பக்கம் லேசாகிவிடும், கதை முடிந்தது. ஃபோக்ஸ்வேகன் பீட்டிலும் அமெரிக்காவில் பேர் கெட்டுப்போன ஷெவர்லே கார்வேரும் இதே ஸ்விங் ஆக்சில் சங்கதிதான்.

நம் ஊரில் என்ன செய்வார்கள் என்றால், குண்டும் குழியுமான ரோடு, பின்னால் தாழ்ந்துவிட்டது என்று பிளேட் பட்டறையில் கொடுத்து நன்றாக வளைத்து, கூட ஒரு பிளேட்டையும் கட்டி, வண்டி வெட்டுக்கிளி மாதிரி பின்னால் தூக்கி நிற்கும்படி செய்துவிடுவார்கள். சாதா லீஃப் ஸ்பிரிங் வண்டிக்கு அது நல்லது. ஹெரால்டுக்கு அது விஷம்.

இப்படி அளந்து பாருங்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி டிரைவர் சீட்டில் ஒருவரை உட்கார வையுங்கள். ஜாக்கியில் ஏற்றி இறக்கியிருந்தால் முதலில் வண்டியைப் பத்தடி முன்னும் பின்னும் உருட்டுங்கள், உருட்டாவிட்டால் வீல் மடங்கியபடியே நிற்கும், அளவு பொய்யாகிவிடும். கொத்தனார் தூக்குக் குண்டை வீலுக்கு வெளியே தொங்கவிட்டு, நூலுக்கும் ரிம்மின் மேல் விளிம்புக்கும் எவ்வளவு, கீழ் விளிம்புக்கு எவ்வளவு என்று பாருங்கள். 13 இன்ச் ரிம்மில் 6 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தால் ஏறக்குறைய ஒரு டிகிரி. ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது வீல் நேராக நிற்க வேண்டும், இல்லை தலை கொஞ்சம் உள்ளே சாய்ந்திருக்க வேண்டும். தலை வெளியே சாய்ந்தால் ஆபத்து.

கோவை_ஹெரால்டு:

ஐயா, அளந்தேன். இடது வீல் 20 மி.மீ., வலது 18 மி.மீ., தலை வெளியே. அப்படியானால் மூன்று டிகிரி! பிளேட்டும் சேர்த்திருக்கிறார்கள். ஷெட்டிலிருந்து எடுத்தபோது பின்னால் தாழ்ந்திருந்ததால் ஒரு பட்டறையில் கொடுத்து நானே ஏற்றச் சொன்னேன். நாலு பேர் ஏறினாலும் வேகத்தடையில் இடிக்காது என்று அப்போது சந்தோஷமாக இருந்தது.

சேலம்_நாலுசக்கரம்:

லைவ் ஆக்சில் மாற்றியவன் நான், அதனால் சொல்கிறேன், வேண்டாம்.

எட்டு வருடத்துக்கு முன் ஒரு ஹெரால்டில் செய்தேன். சின்ன வேன் ஆக்சில்தான். ஹெரால்டுக்குத் தனி சேஸிஸ் இருப்பதால் சுலபம் என்று நினைத்தோம், உண்மையில் அதுதான் சிக்கல். அந்த சேஸிஸ் பின்பக்க எடை முழுவதையும் நடுவில், டிஃப்ரன்ஷியல் உட்காரும் இடத்தில் தாங்குவதற்காகச் செய்தது. நீள பிளேட் செட் போட்டால் எடை நாலு மூலைக்குப் போகிறது, அங்கே இருப்பது வெறும் மெல்லிய தகட்டுக் கைகள், பாடியைப் பிடித்து நிறுத்த மட்டும் வைத்தவை. நாங்கள் பிராக்கெட் வெல்டு வைத்து, மேலே பட்டை அடித்து எல்லாம் செய்தோம். எட்டே மாதத்தில் வலது பக்கம் வெல்டு ஓரமாகக் கோடு விட்டது, கதவு மூடச் சிரமமானபோதுதான் தெரிந்தது.

அது போக, ஹெரால்டு வீலில் நாலு போல்டுக்கும் வட்டம் 95.25 மி.மீ., வேன் ஆக்சிலில் வேறு. முன்னால் ஒரு ரிம், பின்னால் ஒரு ரிம். ஊருக்குப் போனால் இரண்டு ஸ்டெப்னி எடுத்துப் போக வேண்டும். ஹேண்ட் பிரேக் கேபிள் பொருந்தவில்லை. புரொப்பெல்லர் ஷாஃப்ட் வெட்டி ஒட்டினதில் 60க்கு மேல் ஒரு அதிர்வு, கடைசி வரை போகவில்லை. பள்ளத்தில் ஓட்டினால் முன்பு இருந்த மெத்தென்ற ஓட்டமும் போய்விட்டது, ஏனென்றால் இப்போது கனமான ஆக்சில் முழுசாகக் குதிக்கிறது. ஆர்.சி. புதுப்பிக்கும்போது ஆய்வாளர் கீழே குனிந்து பார்த்தால் என்ன சொல்வது என்ற பயம் வேறு, மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு இந்த மாதிரி மாற்றங்களைப் பற்றித்தான் பேசுகிறது.

ஸ்டாண்டர்ட் கம்பெனியே 1972இல் ஹெரால்டுக்கு அடுத்து கஸல் காரை விட்டபோது ஸ்விங் ஆக்சிலை விட்டுவிட்டு லைவ் ஆக்சிலுக்குப் போனது உண்மைதான், மெக்கானிக்குகள் இதைத்தான் உதாரணம் காட்டுவார்கள். ஆனால் அது தொழிற்சாலையில் அளவெடுத்துச் செய்தது. நாம் பட்டறையில் செய்வதை அதோடு ஒப்பிட முடியாது.

கவென்ட்ரி_வாசி:

வணக்கம். ஹெரால்டு பிறந்த கவென்ட்ரியிலிருந்து எழுதுகிறேன், இங்கே ஹெரால்டை வடிவமைத்த ட்ரயம்ஃப் கம்பெனியின் 1971 ஸ்பிட்ஃபயர் மார்க் 4 கார் வைத்திருக்கிறேன். உங்கள் வண்டிக்கும் என் வண்டிக்கும் பின்பக்கம் கிட்டத்தட்ட அண்ணன் தம்பி, ஒரே ஒரு வித்தியாசம், அது உங்களுக்குப் பயன்படும்.

ட்ரயம்ஃப் இந்தக் குறையை இரண்டு விதமாகத் தீர்த்தது. 1968இல் ஜிடி6 மார்க் 2, விட்டெஸ் மார்க் 2 கார்கள் இரண்டிலும் கீழே ஒரு விஷ்போன் (வீலைப் பிடிக்கிற கவட்டை வடிவக் கை) கொடுத்து, ஆக்சில் ஷாஃப்ட் நடுவில் பெரிய ரப்பர் கப்ளிங் வைத்தார்கள். அருமையான ஓட்டம், ஆனால் உங்கள் வண்டிக்கு அதைக் கொண்டுவர வேண்டுமானால் சேஸிஸ் பிராக்கெட்டிலிருந்து எல்லாம் மாற்ற வேண்டும், மறந்துவிடுங்கள்.

இரண்டாவது வழிதான் என் வண்டியில் இருப்பது, 1970 கடைசியில் ஸ்பிட்ஃபயர் மார்க் 4இல் வந்த ‘ஸ்விங் ஸ்பிரிங்’. அதே குறுக்கு ஸ்பிரிங்தான், ஆனால் எல்லா பிளேட்டையும் டிஃப்ரன்ஷியலோடு இறுக்காமல் ஒரு பிளேட்டை மட்டும் இறுக்கி, மற்றதெல்லாம் ஒரு பெட்டிக்குள் தராசு மாதிரி ஆட விட்டுவிட்டார்கள். இரண்டு வீலும் சேர்ந்து ஏறினால் முழு ஸ்பிரிங்கும் தாங்கும். வளைவில் வண்டி சாயும்போது மட்டும் ஸ்பிரிங் எதிர்ப்புக் காட்டாமல் கூடவே ஆடும். அதனால் பின் டயர் மேல் விழுகிற சுமை குறைந்து, அந்தத் தூக்கல் வெகுவாக அடங்கிவிடுகிறது. சாய்வைக் கட்டுப்படுத்துகிற வேலையை முன்னால் தடிமனான ஆன்டி ரோல் பார் எடுத்துக்கொள்ளும், அதைப் போடாமல் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் வண்டி படகு மாதிரி ஆடும்.

ஆனால் கவனம். உங்கள் டிஃப்ரன்ஷியல் தலையில் ஆறு ஸ்டட், இதற்கு நாலு தடித்த ஸ்டட், நேரடியாக உட்காராது. ஸ்பிட்ஃபயர் இரண்டு பேர் உட்காரும் வண்டி என்பதால் அதன் ஸ்பிரிங் நாலு பேர் ஏறுகிற ஹெரால்டில் தாழ்ந்துவிடும்.

ரேஷியோ பற்றி. 155 80 13 ரேடியல் டயரை வைத்துக் கணக்குப் போட்டேன். 4.875இல் 80 கிலோமீட்டருக்கு இன்ஜின் சுமார் 3,650 சுற்று. 4.11 போட்டால் அதே 80க்கு 3,100 அளவில் வரும், 3.89க்கு 2,900 போல. 4.11 இங்கே ஹெரால்டு 1200, 13/60, ஆரம்பகால ஸ்பிட்ஃபயர் எல்லாவற்றிலும் இருந்தது, பழைய யூனிட் கிடைக்கும். 3.63 என்று ஸ்பிட்ஃபயர் 1500 யூனிட்டை யாராவது சொன்னால் 948 இன்ஜினுக்கு அதைத் தொடவே வேண்டாம், இழுக்காது. எதை வாங்கினாலும் முழு யூனிட்டாக வாங்குங்கள். கிரவுனும் அதைச் சுற்றுகிற பினியன் பல்சக்கரமும் ஜோடியாக அரைத்தவை, ஒன்றை மட்டும் மாற்ற முடியாது, ஷிம் வைத்துப் பல் உட்காருவதைச் சரிபார்க்கத் தெரிந்த ஆள் இப்போது எங்கேயும் குறைவு. பினியன் ஃபிளேஞ்சின் போல்ட் துளைகளை அளந்து கேளுங்கள், பிந்தைய யூனிட்டுகளில் ஃபிளேஞ்ச் பெரிது.

பணம் ஒரு பொருட்டில்லை என்றால் நான் கிரவுனைத் தொடமாட்டேன், ஓவர்டிரைவ் உள்ள கியர் பாக்ஸ் தேடுவேன். ஏறக்குறைய 0.8 விகிதம், 4.875ஐ அதனால் பெருக்கினால் 3.9. மலைக்குப் பழைய இழுவை, நெடுஞ்சாலைக்கு நீளமான கியர், இரண்டும் கிடைக்கும்.

மலைப்பாதை_1147:

கவென்ட்ரி அண்ணா சொன்னதில் ரேஷியோ பற்றி எனக்கு மாற்றுக் கருத்து. 4.11 போட்டால் எல்லா கியரிலும் இழுவை 16 சதவீதம் போய்விடும். 948 இன்ஜினை வைத்துக்கொண்டு மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறுகிறவருக்கு அது சின்ன விஷயமில்லை. இப்போது இரண்டாவது கியரில் ஏறுகிற கொண்டை ஊசி எல்லாம் முதல் கியர் கேட்கும், ஹெரால்டு முதல் கியருக்கு சின்க்ரோ கிடையாது, ஓடும்போது போட்டால் பல் கத்தும். நான் 1147 இன்ஜினோடு 4.11 ஓட்டுகிறேன், கோத்தகிரி ஏற்றத்தில் நாலு பேரோடு போனால் எனக்கே மூச்சு வாங்குகிறது.

இன்னொன்று, மாற்றினால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும். அது கியர் பாக்ஸிலிருந்து ஓடுவதால் முள் 60 காட்டும்போது நிஜத்தில் 70ஐத் தாண்டியிருப்பீர்கள். இறக்கத்தில் அது ஆபத்து.

காற்றும் பாருங்கள். இந்த வண்டிக்குப் பின் டயரில் முன் டயரைவிட 4, 5 பி.எஸ்.ஐ. கூடுதலாக இருக்க வேண்டும். பெட்ரோல் பங்கில் பையன் நாலிலும் ஒரே அளவு அடித்துவிடுவான்.

பழைய_பட்டறைக்காரன்:

மலைப்பாதை சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். கவென்ட்ரி தம்பி சொன்ன ஸ்விங் ஸ்பிரிங் நல்ல சாமான், அதில் சந்தேகமில்லை, ஆனால் இங்கே உட்கார்ந்துகொண்டு ஸ்டட் மாற்றி, ஆன்டி ரோல் பார் வரவழைத்து, கஸ்டம்ஸ் கட்டி… முதலில் இருப்பதைச் சரியாக்குங்கள். மூன்று டிகிரி வெளியே சாய்ந்த வண்டியை வைத்துக்கொண்டு டிசைனைக் குறை சொல்லக்கூடாது.

கூடுதல் பிளேட்டைக் கழற்றுங்கள். வளைவை இறக்கி, ஒருவர் உட்கார்ந்தால் வீல் நேராக நிற்கும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஸ்பிரிங்கைக் கழற்றும்போது அவசரப்படாதீர்கள். இந்த வண்டியில் ஷாக் அப்சார்பர்தான் வீல் கீழே தொங்குவதைத் தடுத்து நிறுத்துகிறது, அதை முதலில் கழற்றினால் ஸ்பிரிங் வீலை ஓங்கிக் கீழே அடிக்கும், கை போய்விடும். வீல் பக்கம் அடியில் ஜாக்கி கொடுத்து ஏந்திக்கொண்டு அப்புறம் ஷாக்கை எடுங்கள், ஜாக்கியை மெதுவாக இறக்கி ஸ்பிரிங்கின் விசை தீர்ந்த பிறகு ஓர போல்டைத் தட்டுங்கள். நடு ஸ்டட்டுக்குப் பின் சீட்டைத் தூக்கி அடியில் இருக்கிற மூடியைக் கழற்றினால் வழி கிடைக்கும். ஆறு நட்டும் இறுக்கமாக இருக்கிறதா என்று அப்போதே பாருங்கள், ஒன்று தளர்ந்தாலும் ‘டக்’ வரும்.

அந்த ‘டக்’ அதிகமும் உள்பக்க யூ ஜாயிண்ட் கிராஸ், இல்லாவிட்டால் டிஃப்ரன்ஷியல் பின்னால் தொங்குகிற நீள போல்டின் புஷ். முனகலுக்குக் கிரவுனைப் பழி சொல்வதற்கு முன் எண்ணெய் பாருங்கள். அதற்குப் பிடிப்பதே அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல்தான், 90 நம்பர் கியர் ஆயில், சீல் வழியாகக் கால் லிட்டர் கசிந்தாலே பல் காயும். ஹவுசிங் தலையில் ஒரு சின்ன ஓட்டையில் ஸ்பிளிட் பின் ஆடிக்கொண்டிருக்கும், அது மூச்சு விடுகிற வழி. சேறு அடைத்துக்கொண்டால் உள்ளே சூடேறிய காற்று சீலைத் தள்ளிக்கொண்டு எண்ணெயை வெளியே விடும். நிறையப் பேர் சீல் மாற்றி மாற்றிச் சலித்துப்போவது இதனால்தான்.

ரேஷியோ நிஜமாகவே 4.875தானா என்று பாருங்கள், அறுபது வருடத்தில் யார் என்ன மாற்றினார்களோ. முன் வீலுக்குக் கல் வைத்து, நியூட்ரல் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விட்டு, ஒரு பின் வீலை மட்டும் தூக்கி அதைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஐந்து சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றினால் 4.875. நாலு சுற்று தாண்டி லேசாக நின்றால் 4.11.

கடைசியாக, இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். இரண்டு ஆக்சில் ஷாஃப்டையும் வெளியே எடுத்துப் பாருங்கள். உள்பக்க ஊசி பேரிங் ஷாஃப்ட் மேலேயே நேராக ஓடுகிறது, கிரீஸ் காய்ந்தால் ஷாஃப்டில் பள்ளம் விழும், ஒரு நாள் அங்கேயே ஒடியும். ஒடிந்தால் வீல் தனியாகப் போய்விடும். ஹப் கூம்பு மேல் சாவி வைத்து இறுகியிருப்பதால் நல்ல கனமான புல்லர் இல்லாமல் வராது, சுத்தியல் எடுக்க விடாதீர்கள்.

கோவை_ஹெரால்டு:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், வேலை நடந்துகொண்டிருந்ததால் தாமதம்.

ஐயா சொன்ன வரிசையிலேயே போனோம். ஆறு ஸ்டட்டில் இரண்டு கையாலேயே திரும்பின. வலது பக்கக் கிராஸ் உலர்ந்து தூளாகியிருந்தது, இரண்டு பக்கமும் புதுசு போட்டோம். டிஃப்ரன்ஷியலில் மிஞ்சியிருந்த எண்ணெய் ஒரு டீ கிளாஸ் அளவு. மூச்சு ஓட்டை சிமெண்டு மாதிரி இறுகிக் கிடந்தது. ரேஷியோ சுற்றிப் பார்த்தேன், 4.875தான்.

இடது ஷாஃப்ட் நன்றாக இருக்கிறது. வலது ஷாஃப்டில் ஊசி பேரிங் ஓடும் இடத்தில் நகம் மாட்டுகிற அளவு பள்ளம். அந்த ஷாஃப்டோடுதான் மனைவியை உட்கார வைத்து மலை இறங்கினேன் என்று நினைத்து அன்று இரவு தூக்கம் வரவில்லை. நண்பர் ஒருவர் தன் உதிரி வண்டியிலிருந்து ஒன்று கொடுத்தார், அளந்து பார்த்து மாட்டியிருக்கிறோம்.

ஸ்பிரிங்கை வேறொரு பிளேட் பட்டறையில் கொடுத்து, கூடுதல் பிளேட்டை எடுத்து, வளைவை இரண்டு தடவை இறக்கினோம். இப்போது ஒருவர் உட்கார்ந்தால் இடது வீல் நேர், வலது தலை 3 மி.மீ. உள்ளே. பின்னால் 5 பி.எஸ்.ஐ. கூடுதல். வண்டி பார்க்கவும் அழகாகிவிட்டது, அப்பா காலத்துப் போட்டோவில் இருக்கிற மாதிரி நிற்கிறது. நாலு பேரோடு பெரிய வேகத்தடையில் சைலன்சர் உரசுகிறது, குறுக்காக ஏற்றி இறக்கிக்கொள்கிறேன்.

நேற்று விடிகாலை தனியாகக் குன்னூர் போய் வந்தேன். பர்லியார் பக்கம் அதே வளைவில், ரோடு காலியாக இருந்தபோது, அதே 40இல் வேண்டுமென்றே காலை எடுத்துப் பார்த்தேன். பின்பக்கம் எழும்பவில்லை, வண்டி வளைவைப் பிடித்துக்கொண்டே போனது. ‘டக்’ நின்றுவிட்டது. முனகல் பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது, இன்னும் 60க்கு மேல் லேசாகக் கேட்கிறது.

லைவ் ஆக்சில் யோசனையை விட்டாயிற்று, சேலம் நண்பருக்கு நன்றி. ரேஷியோவையும் இப்போதைக்கு 4.875லேயே விடுகிறேன், மாதம் ஒரு தடவை மலை ஏறுகிறவனுக்கு அதுதான் சரி என்று படுகிறது. நெடுஞ்சாலையில் 65, 70இல் போய்க்கொள்கிறேன்.

கவென்ட்ரி அண்ணா, ஓவர்டிரைவ் பாக்ஸ் பற்றி ஒரு கேள்வி. 948 சேஸிஸில் அது உட்கார கியர் பாக்ஸ் மவுண்டிங்கை வெட்ட வேண்டியிருக்குமா, புரொப்பெல்லர் ஷாஃப்ட் மட்டும் சுருக்கினால் போதுமா? வெட்ட வேண்டும் என்றால் வேண்டாம். அப்புறம் யாரிடமாவது நல்ல நிலையில் வலது ஆக்சில் ஷாஃப்ட் இன்னொன்று இருந்தால் சொல்லுங்கள், ஒன்று எப்போதும் கையிருப்பில் வைத்துக்கொள்ள விரும்புகிறேன்.